மருமகளின் தொப்பி

என் மருமகள் ஜேர்மன்காரி. தலைமுடி செம்பு நிறம். தோல், ஜேர்மன்காரர்களே ஒரு தரம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வெள்ளை. மணிக்கட்டிலும் கழுத்தடியிலும் நீல நரம்புகள் வெளியே தெரியும். மகன் அவளை முதன்முதலாகக் கொலோனில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, அவள் போய்க் கதவு சாத்தியதும் நான் மனைவியிடம் சொன்னது, "என்ன வெள்ளை, பாத்தீரோ" என்பதுதான். அவள் என்ன படித்தவள், என்ன வேலை செய்கிறாள், மகனை எங்கே சந்தித்தாள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் எங்கள் பேச்சில் வந்தன.

நான் ஊரில் பௌதிகவியல் ஆசிரியனாக இருந்தவன். இங்கே வந்து ஓய்வு பெறும்வரை பொதிகள் பிரித்து அனுப்பும் நிலையம் ஒன்றில் வேலை செய்தேன். ஆனாலும் எங்கள் ஆட்கள் இன்றைக்கும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நிறத்தைப் பற்றிப் பெருமை பேசுவது படித்தவனுக்கு அழகல்ல என்று எனக்குத் தெரியும். அதனால் பேசியது கிடையாது. தமிழ்க் கடைக்கு மருமகளோடு போகும் நாட்களில் கொஞ்சம் மெதுவாக நடப்பேன், அவ்வளவுதான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

அவள் நகரசபையின் நீச்சல் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறாள். கோடையில் திறந்தவெளிக் குளத்துக்கு ஆள் போதாது என்று கேட்டாலும் போகமாட்டாள். வெளியில் அரை மணித்தியாலம் நின்றாலே தோள் சிவந்துவிடும். வெள்ளைத் தோல் என்றால் எங்கள் ஆட்களுக்கு அது ஏதோ மேலான தோல். அது எவ்வளவு மெல்லிய தோல் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

அவளுடைய இரண்டு கன்னங்களிலும் பருக்கள் விட்டுப்போன தழும்புகள் இருந்தன. சின்னச் சின்னப் பள்ளங்கள். வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கண்ணுக்கு அவை நெடுநாளாகத் தெரியவேயில்லை. நீச்சல் பழக வரும் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. தண்ணீருக்குப் பயந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள், முகம் அவ்வளவு கிட்ட வரும்போது விரலை வைத்து, இது என்ன ஓட்டை என்று கேட்குமாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தத் தழும்புகளுக்கு வைத்தியம் செய்வதென்று அவள் முடிவெடுத்துவிட்டாள் என்பது அன்றைக்கே தெரிந்தது.

மைக்ரோநீட்லிங் என்ற சொல்லை எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் முதலில் கேட்டேன். அப்போதே அவள் எங்கள் வீட்டுப் பேச்சை அப்படியே பேசப் பழகியிருந்தாள். ஒவ்வொரு சொல்லையும் முழுதாக, நிதானமாகச் சொல்வாள்.

"ஊசியாலை குத்திறதோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஓம் மாமி. பேனை மாதிரி ஒரு கருவி. அதுக்குள்ளை மெல்லிய ஊசியள் இருக்குது. தோலிலை சின்னச் சின்னத் துளை போடும். பிறகு தோல் தன்ரை பாட்டிலை திருத்தும். திருத்தேக்கை பள்ளம் கொஞ்சம் நிரம்பும்."

"நோகாதோ?"

"விறைக்கிற கிறீம் பூசுவினம். பிறகு எரியும். பெரிசா இல்லை."

"தமிழ்க் கடையிலை நிக்கிற பிள்ளை சொன்னவ. ஆரோ ஒரு அக்கா உருளை ஒண்டாலை வீட்டிலையே செய்து விடுறாவாம். கலியாண மேக்கப்பும் அவதானாம்."

மருமகள் கரண்டியைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு யோசித்தாள். "அந்த உருளை நேற்று ஆரின்ரை முகத்திலை ஓடினது எண்டு அந்த அக்காவுக்குத் தெரியுமோ மாமி?"

மகன் சிரித்துப் புரையேறினான். மனைவி அதோடு அந்தக் கதையை விட்டாள்.

அவள் ஒரு தோல் வைத்தியரிடம் போனாள். அந்த அம்மா முதலில் காதுக்குக் கீழே சிறிய இடத்தில் மட்டும் குத்தி, அது ஆறும் விதத்தைப் பார்த்த பிறகுதான் முகத்தைத் தொட்டாராம். இவ்வளவு வெளிறிய தோல் ஒருமுறை சிவந்தால் இறங்க நாளெடுக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். இலையுதிர் காலத்தில் முதல் தரமும் குளிர் தொடங்கும்போது இரண்டாம் தரமும் நடந்தன. ஒவ்வொரு தரமும் சில நாட்கள் முகத்துக்குத் தண்ணீரும் வாசமில்லாத ஒரு களிம்பும் மட்டும். குளோரின் தண்ணீர் கூடாதென்று நீச்சல் மண்டபத்தில் லீவு எடுத்தாள். வேர்க்கும் வேலை இல்லை. வெளியே போனால் தடிப்பாகச் சன் கிறீம். நாங்கள் கோயிலில் விரதம் பிடிப்பதைவிட ஒழுங்காக அவள் அதைப் பிடித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தால் முன்பு நிழல் விழுந்த பள்ளங்களில் பாதி காணாமல் போயிருந்தன. மூன்றாம் தரம்தான் கடைசி.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களில் யாருக்காவது சாப்பாடு போடும்போது அவர் போதும் என்றால் அது போதும் அல்ல. இன்னும் ஒரு அகப்பை போடுவோம். சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே கையை விரித்து மறித்தாலும் கையை விலக்கிவிட்டுப் போடுவோம். விருந்தாளியும் முதல் தரத்திலேயே ஓம் என்று சொல்லமாட்டார்; சொன்னால் அவர் பசியோடு வந்தவர் என்று ஆகிவிடும். இரண்டு தரம் வேண்டாம் என்பதும் மூன்றாம் தரம் வாங்கிக்கொள்வதும்தான் மரியாதை. மருமகள் வந்த புதிதில் "போதும் மாமி" என்றால் அவளுக்கு உண்மையாகவே போதும். என் மனைவி இரண்டாம் தரம் புட்டைக் கொட்டியதும் திகைத்துப்போய் மகனைப் பார்ப்பாள். ஒருநாள் கண்ணில் தண்ணீர் வரும் மட்டும் சாப்பிட்டாள். பிறகு பழகிக்கொண்டாள். முதல் தரம் வேண்டாம், இரண்டாம் தரம் வேண்டாம், மூன்றாம் தரம் "சரி மாமி, கொஞ்சமாய்". அவள் எங்களில் ஒருத்தி ஆகிவிட்டாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

அந்தக் குளிர்காலத்தில் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். அது இருதயத்தின் தசைக்குப் போய்விட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். மருமகள் பகலெல்லாம் அங்கேயே இருந்தாள். நான் அந்த நடையில், சுவரோடு போட்டிருந்த கதிரையில் இருந்துகொண்டு நேர்ந்தேன். இவன் எழும்பி வந்தால் வருகிற தேருக்கு இவன் காவடி எடுப்பான், இவன் பெண்சாதி கற்பூரச் சட்டி எடுப்பாள் என்று.

எங்கள் தேர்த் திருவிழாவில் பெண்கள் கையில் மண்சட்டி ஏந்தி, அதற்குள் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிய, தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்து வருவார்கள். நேர்ந்தவர்கள் நடப்பார்கள். அன்று நேர்ந்தது நான். நடக்க வேண்டியவள் அவள். வேறொருத்தியின் உடம்பை நான் கொடுக்கிறேன் என்ற எண்ணமே அந்தக் கதிரையில் எனக்கு வரவில்லை. எங்கள் அம்மாமாரும் அப்பாமாரும் பிள்ளைகளின் தலைமுடியையும் கன்னத்தையும் முதுகையும் நேர்ந்தவர்கள்தான்.

மகன் எழும்பி வந்தான். நேர்த்தியைச் சொன்னபோது அவள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"ஓம் மாமா. எடுக்கிறன்," என்றாள். "அவர் வீட்டை வந்திட்டார். நான் நடக்கிறது என்ன பெரிய வேலை."

ஆஸ்பத்திரி அலைச்சலில் அவளுடைய மூன்றாம் தரம் தள்ளிப்போனது. வசந்த காலத்தில் ஒரு நாள் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து உதட்டில் அக்கிக் கொப்புளம் வந்தது. கொப்புளம் இருக்கும்போது ஊசி போட்டால் அது முகம் முழுக்கப் பரவும் என்று டொக்டர் மறுத்துவிட்டார். கடைசியாகக் கிடைத்தது ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை. டொக்டர் லீவில் போவதற்கு முந்திய நாள். வெயிற்காலத்தில் செய்வதை அவர் விரும்பவில்லை. இரண்டு கிழமை வெயிலில் முகம் காட்டுவதில்லை என்று மருமகள் வாக்குக் கொடுத்த பிறகே ஒத்துக்கொண்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேர்.

தேர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வரும். வருடத்துக்கு வருடம் மாறும். திகதியை நான் மகனுக்குப் போகிறபோக்கில் சொன்னேன். எங்களுக்கெல்லாம் தெரிந்தது அவளுக்கும் தெரியும் என்று நினைத்தேன். அவள் தன் டெர்மினை, அதாவது டொக்டர் குறித்துத் தந்த நாளை, சொல்ல ரெலிபோன் எடுத்தபோதுதான் இரண்டும் ஒரே கிழமை என்று தெரிய வந்தது.

"மாமா, அந்த ஞாயிறு எனக்கு ஏலாது. ஊசி போட்ட முகத்திலை வெயில் படக்கூடாது. நெருப்புக்குக் கிட்டப் போகக்கூடாது. அடுத்த வருசம் கட்டாயம் எடுக்கிறன்."

"டெர்மினை மாத்தேலாதோ பிள்ளை?"

"மாத்தினால் குளிர்காலத்துக்குத்தான் கிடைக்கும். இப்பவே நல்லாப் பிந்திப்போச்சு."

"சரி பிள்ளை," என்றேன்.

நான் சொன்ன அந்தச் சரிக்கு, பிறகு கேட்டுப் பார்ப்போம் என்று அர்த்தம். ரெலிபோனை வைத்ததும் மனைவி, "அடுத்த வருசமும் அதே சுவாமிதானே, ஓடிப் போகாது," என்றாள். கோயிலில் நாலு பேருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஊசி போட்ட மறுநாள் பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். மகன் வேலையால் வந்திருக்கவில்லை. ஜன்னல்களின் மறைப்பை இறக்கிவிட்டு அரை இருட்டில் இருந்தாள். கன்னமும் நெற்றியும் தோலுரித்த தக்காளி போல இருந்தன. அங்கங்கே புள்ளி புள்ளியாகச் சிவப்பு. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இரண்டாம் தரம் கேட்டேன்.

"ஞாயிறு மட்டிலை இது ஆறியிடும்தானே?"

"சிவப்புக் குறையும் மாமா. ஆனால் தோல் ஆறாது. இப்ப இது திறந்த தோல்."

"அரை மணித்தியாலம்தானே பிள்ளை. ஜேர்மன் வெயில் ஒரு வெயிலோ? நாங்கள் யாழ்ப்பாணத்து வெயிலிலை மத்தியானம் சைக்கிள் ஓடினனாங்கள்."

"உங்கடை தோலுக்கு அது வெயில் இல்லைத்தான். என்ரை தோலுக்கு வெயில்."

அவளே தொடர்ந்து சொன்னாள்: "நான் கோயிலுக்கு வருவன் மாமா. அவர் காவடி எடுக்கேக்கை நான் இல்லாமலோ? கிறீம் பூசி, தொப்பி போட்டுக்கொண்டு நிழலிலை நிப்பன். சட்டி எடுக்க ஏலாது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுசி சொல்ல முடியாது. நான் பல வருடங்கள் பிள்ளைகளுக்கு ஊதாக் கடந்த கதிர்களைப் பற்றிப் படிப்பித்தவன். கண்ணுக்குத் தெரியாது, சூடு தெரியாது, ஆனால் தோலுக்குள் போகும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். ஜூன் மாதத்து நண்பகலில் அது இந்த நாட்டிலும் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. தெரிந்துகொண்டுதான் ஜேர்மன் வெயில் ஒரு வெயிலோ என்று கேட்டேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

ஞாயிறு காலையில் கார் டிக்கியில் மண்சட்டியும் வேப்பிலையும் கற்பூரமும் வைத்ததை மனைவி கண்டுவிட்டாள்.

"அவ ஏலாதெண்டு சொல்லிப்போட்டாவெல்லோ. பிறகேன் சட்டி?"

"இருக்கட்டும். ஒருவேளை மனம் மாறினால்."

"நீங்கள் மாத்தாமல் இருந்தால் சரி," என்றாள்.

எங்கள் கோயில் ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது. பழைய களஞ்சியக் கட்டடம். தேர் வெளியே வந்தால் ரயர் கடையையும் தளபாடக் கடையின் வாகனத் தரிப்பிடத்தையும் சுற்றித்தான் வரவேண்டும். மரம் என்று ஒன்று இல்லை. அன்று முகில் ஒரு துண்டும் இல்லை. தொண்டர்கள் தார் வீதியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார்கள். ஊற்றிய கையோடு ஆவியானது.

மருமகள் நீலச் சேலை கட்டி, கழுத்துவரை மூடிய முழுக்கைச் சட்டை போட்டு, அகன்ற விளிம்புள்ள வைக்கோல் தொப்பியோடு வந்து, மோர்ப் பந்தலின் நிழலில் நின்றாள். முகம் சன் கிறீமில் இன்னும் வெள்ளையாக இருந்தது. மகன் காவடிக்கு ஆயத்தமாக உள்ளே போய்விட்டான். மனைவி பெண்களோடு மாலை கட்டப் போய்விட்டாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையில் சட்டி.

அந்த நேரம் எனக்குத் தெரிந்த ஒருவர் வந்தார். கோயில் வேலைகளில் முன்நிற்பவர். "என்ன மாஸ்டர், மருமகள் சட்டி எடுக்கிறாவாமே. வெள்ளைக்காரப் பிள்ளை எடுக்கிறது இந்தக் கோயிலிலை இதுதான் முதல் தரம். வீடியோக்காரப் பெடியனுக்கும் சொல்லி வைச்சிருக்கிறன்."

அவர் போனதும் நான் மூன்றாம் தரம் கேட்டேன். இந்த முறை நியாயம் ஒன்றும் சொல்லவில்லை. சட்டியை அவளுக்கு முன்னால் கொஞ்சம் நீட்டி, "பிள்ளை, உம்மடை புருசன் உயிரோடை வந்ததுக்கு," என்றேன்.

அவள் சட்டியைப் பார்த்தாள். பந்தலில் நின்ற பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேளம் தொடங்கிவிட்டது.

"சரி மாமா," என்றாள்.

கையை நீட்டினாள். நான் சட்டியைக் கொடுக்கவில்லை. "தொப்பியோடை சுவாமிக்கு முன்னாலை வடிவாயிராது," என்றேன்.

அவள் தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்தாள்.

நான் நினைத்ததுபோல அது அரை மணித்தியாலத்தில் முடியவில்லை. தேர் ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போனது. அர்ச்சனை, தேங்காய், படப்பிடிப்பு. நிற்கும் ஒவ்வொரு தரமும் அவளும் நின்றாள். சட்டிக்குள் கற்பூரம் போட ஆட்கள் முண்டியடித்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளையின் சட்டிக்குப் போட எல்லோருக்கும் விருப்பம். சுடர் அவள் நாடிவரை எழும்பியது. வேர்வை வழிய வழிய அந்தக் கிறீம் கரைந்து கழுத்தில் கோடாக இறங்கியதைக் கண்டேன். அவள் முகத்தைத் துடைக்கவில்லை. கை இரண்டிலும் சட்டி. முன்னால் காவடியோடு ஆடிப்போன மகனின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அவளைப் பார்த்து யாரும் நடிக்கிறாள் என்று சொல்லியிருக்க முடியாது. என் நேர்த்தியை என்னைவிட உண்மையாக அவள் செய்தாள்.

இனிச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமானது. நான் மேலுக்குச் சட்டையில்லாமல், வேட்டியும் சால்வையுமாக வீதி ஓரத்தில் கூடவே நடந்தேன். என் தலையில் மயிர் இல்லை. பாதி வழியில் வெயில் மண்டையைச் சுட்டது. நான் அவளுடைய தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. கையில் இருந்தது, போட்டேன். சூடு குறைந்தது. நல்ல தொப்பி.

தேர் திரும்பி இருப்பிடத்துக்கு வந்த பிறகு மனைவிதான் அவளுடைய முகத்தை முதலில் கண்டாள். சட்டியை வாங்கி வைத்துவிட்டு, அவளைக் கூட்டத்திலிருந்து வெளியே கூட்டி வந்தாள். எங்கள் வீடு கிட்ட என்பதால் அங்கே வந்தோம். பின்னேரத்துக்குள் கன்னங்கள் வீங்கி, கண்ணுக்குக் கீழே தண்ணீர்க் கொப்புளங்கள் எழும்பின. குளிர்த் தண்ணீரில் நனைத்த துணியை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி சோபாவில் இருந்தாள். நான் சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணத்தில் சந்தனமும் மஞ்சளும் குழைத்துக்கொண்டு வந்தேன். மஞ்சள் கிருமிநாசினி என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

"தொடாதேங்கோ அப்பா," என்றான் மகன். சத்தம் போடவில்லை. எழும்பி வந்து கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஆர் உம்மைச் சட்டி எடுக்கச் சொன்னது?" என்று கேட்டான்.

அவள் துணியை விலக்கவில்லை. "நான்தான் எடுத்தனான்," என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மகன் அவளை அவசர சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கதவு சாத்தியது. கொழுவியில் அவளுடைய தொப்பி தொங்கியது. நானே கொழுவியிருந்தேன்.

அடுத்த நாட்களில் கோயில் ஆட்களின் வட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. ஒன்றில் அவள் சட்டியோடு நடக்கிறாள். பின்னால் வெறும் மேலோடு, பெண்பிள்ளைகள் போடும் வைக்கோல் தொப்பியோடு நான். "மாஸ்டர் கடற்கரைக்கு வெளிக்கிட்டார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கீழே எல்லோரும் சிரித்திருந்தார்கள். மருமகளைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். பால் போல நிறம், அம்மன் போல என்றெல்லாம். நான் அந்தப் படத்தைப் பார்ப்பதும் மூடுவதுமாக ஒரு கிழமை போனது. அந்த ஒரு கிழமையும் மகன், அவளுக்குத் தன்மேல் இருந்த அன்பில்தான் சட்டியை எடுத்தாள் என்று நினைத்து, தன் காவடியையே நொந்துகொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும். மனைவி என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

ஒரு சனிக்கிழமை தொப்பியை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மறைப்புகள் இறக்கியபடியே இருந்தன. கொப்புளங்கள் காய்ந்து, தோல் பட்டை பட்டையாகக் கழன்று, உள்ளே புதுத்தோல் மண்ணிறத் திட்டுகளோடு வந்துகொண்டிருந்தது. இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். மூன்று தரம் நான்தான் கேட்டேன் என்று. தொப்பியைக் கழற்றச் சொன்னதும் நான்தான் என்று. போட்டுக்கொண்டது நான் என்பதைப் படத்தில் கண்டிருப்பாய் என்று மகனிடம் சொன்னேன். அவன் எழும்பி அடுத்த அறைக்குப் போனான். அவன் என்னோடு பழையபடி பேச இலையுதிர் காலம் வந்தது.

அவளிடம், "நீர் ஏலாதெண்டு இரண்டு தரம் சொன்னனீர். பிறகும் நான் கேட்டனான்," என்றேன்.

"ஓம் மாமா."

"அப்ப ஏன் பிள்ளை மூண்டாம் தரம் ஓம் எண்டனீர்? அப்பவும் ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே."

கேட்ட பிறகுதான், பிழையில் பாதியை அவள் தலையில் போடப் பார்க்கிறேன் என்று எனக்கே பட்டது. அவள் கோபப்படவில்லை. ஒரு கணக்கை விளங்கப்படுத்துவது போலச் சொன்னாள்.

"உங்கடை வீட்டிலை மூண்டாம் தரம் கேட்டால் ஓம் எண்டு சொல்லவேணும் மாமா. நான் அப்பிடித்தான் பழகினனான்."

தொப்பியை நீட்டினேன். "நீங்கள் வைச்சிருங்கோ, நான் வேறை வாங்கிட்டன்," என்றாள். அவள் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே வேறொன்று வாங்கியிருந்தாள், கதவடியில் இருந்தது.

டொக்டர் லீவு முடிந்து வந்து பார்த்துவிட்டு, இந்த முகத்தில் இனி ஊசி இல்லை என்று சொல்லிவிட்டார். சிவப்பு மெதுவாக வடியலாம். திட்டுகளில் சில மறையும், சில மறையாது. இரண்டு தரம் செய்ததில் வந்த நன்மையும் அந்தத் திட்டுகளுக்குள் எங்கேயோ போய்விட்டது. அவள் நீச்சல் மண்டபத்துக்குத் திரும்பிய கிழமையில் ஒரு பிள்ளை அவளுடைய கன்னத்தைத் தொட்டு, பெயின்ற் போகவில்லையா என்று கேட்டதாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை, மனைவிக்குச் சொன்னாள்.

இந்த வருடம் தேரன்று நான் கோயிலுக்குப் போகவில்லை. மனைவியும் மகனும் போனார்கள். மருமகள் வரமாட்டாள் என்று முன்பே சொல்லியிருந்தாள். ஒரு தரம் சொன்னாள்; ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. என் தொண்டை வரைக்கும் இரண்டாவது கேள்வி வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வயதுப் பழக்கம் ஒரு வருடத்தில் போய்விடாது. விழுங்கிக்கொண்டேன்.

மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்துவிட்டு, "கோயிலுக்குப் போகேல்லையோ மாமா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை."

ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே வரச்சொன்னாள். வெயில் பக்கத்து மறைப்பை இறக்கியிருந்தாள். மற்றப் பக்கத்தால் வெளிச்சம் வந்தது.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

"வேண்டாம் பிள்ளை," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரேயொரு கோப்பை. எனக்கு முன்னால் இருந்து ஊதி ஊதிக் குடிக்கத் தொடங்கினாள். வெயிலில் நடந்து வந்த எனக்கு நல்ல தாகம். வேண்டாம் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். முன்பென்றால் இன்னும் இரண்டு தரம் கேட்டிருப்பாள். அவள் எங்கள் வீட்டில் பழகியதை விட்டுவிட்டாள்.



"பிள்ளை," என்றேன், "எனக்கும் தேத்தண்ணி வேணும்."

"அப்ப ஏன் மாமா வேண்டாம் எண்டனீங்கள்?"

"பழக்கம்."

அவள் சிரித்தாள். எழும்பிப் போய் இன்னொரு கோப்பை கொண்டு வந்து, எனக்கு முன்னால் வைப்பதற்காகக் குனிந்தாள். முகம் கிட்ட வந்தது. இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, மண்ணிறத்தில் மூன்று திட்டுகள். அவற்றுக்கு நடுவே பழைய பள்ளங்கள் இருந்தபடியே இருந்தன. நீச்சல் பழகும் பிள்ளைகள் பார்க்கும் தூரத்திலிருந்து அவளுடைய முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சீனி போடவோ?" என்றாள்.

"ஓம்," என்றேன், முதல் தரத்திலேயே.